ஹோம் தியேட்டரில் விடாத ரீங்காரம்: மூலத்தைப் பிடிக்கும் வழி

வசனம் நின்று காட்சி ஒரு நொடி அமைதியாகும்போதுதான் அது காதில் விழும். ஸ்பீக்கரிலிருந்தோ, பெரும்பாலும் சப்வூஃபரிலிருந்தோ, நிற்காமல் ஒரு "உம்ம்ம்" அல்லது "ர்ர்ர்ர்". அடுத்த நாளே புது கேபிளோ பவர் கண்டிஷனரோ வாங்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போதும், எந்த இடத்தில் இரைச்சல் நுழைகிறது என்று பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஏதாவது வாங்க வேண்டியிருந்தால், எதை வாங்குவது என்பதும் தெரிந்திருக்கும்.

முதலில் காதைக் கொடுங்கள்

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. மின்சாரம் சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணிலேயே மழுமழுவென்று அடித்தொண்டையில் வரும் "உம்" என்றால் ஹம்மிங். கேபிளுக்குப் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருப்பது, ஷீல்டு (கேபிளின் உலோகக் கவசம்) அறுந்திருப்பது, எர்த் லூப் (இரண்டு எர்த்துகளுக்கு நடுவே கேபிள் வழியாக உருவாகும் வளையம், பின்னால் விளக்குகிறோம்) ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். அதோடு 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று மேல் அடுக்குகளும் சேர்ந்து, வண்டு போல் கரகரப்பாக வந்தால் ரீங்காரம். டிம்மர், மலிவான அடாப்டர், பவர் சப்ளையில் சோர்ந்துபோன கெபாசிட்டர் எல்லாம் இந்த ரகம். எர்த் லூப்பும் பல சமயம் இப்படித்தான் ஒலிக்கும், ஏனென்றால் அதில் ஓடும் மின்னோட்டம் வழவழப்பான அலையாக இருப்பதில்லை.

"ஸ்ஸ்ஸ்" என்று மழைபோல் வருவது ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் பகுதி) கெயின், அதாவது பெருக்கத்தால் வரும் இரைச்சல். அதைப் பற்றி இங்கே பேசவில்லை. திரையில் படம் மாறும்போது, மவுஸை நகர்த்தும்போது தானும் மாறும் கீச்சொலி கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. "டிட்டிட்-டிட்டிட்" என்று விட்டு விட்டு வந்தால் பக்கத்தில் மொபைல் இருக்கிறதா பாருங்கள், தள்ளி வைத்தால் முடிந்தது.

காது தடுமாறினால் மொபைலில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கருக்கு அருகே பிடியுங்கள். எந்த எண்ணில் முள் எழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 அல்லது 120-இல் மட்டும் பெரிதாக எழுந்தால் ஆம்புக்குள் இருக்கும் ரெக்டிஃபயரையும் (ஏசியை டிசியாக மாற்றுவது) அதை வடிகட்டும் கெபாசிட்டரையும் சந்தேகப்படலாம்.

இரைச்சல் நிஜமாகவே ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். ரிசீவரை (எல்லாக் கருவிகளும் ஸ்பீக்கர்களும் வந்து சேரும் ஆம்ப் பெட்டி) அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ரிசீவரை மட்டும் மறுபடி ஆன் செய்து அதன் மூடியருகே காதை வையுங்கள். அங்கே உறுமல் கேட்டால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரே அதிர்கிறது. அதற்கு எந்த ஆடியோ கேபிளும் மருந்தாகாது.

வால்யூமைத் திருப்பினால் என்ன ஆகிறது

இந்த ஒரு சோதனை வேலையைப் பாதியாக்கிவிடும். எதையும் ஓட்டாமல், ரிசீவரின் வால்யூமை மெதுவாக ஏற்றி இறக்குங்கள்.

வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறினால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால் நுழைகிறது. அதாவது செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், கேம் கன்சோல், டர்ன்டேபிள், அல்லது அவற்றின் கேபிள். இப்போது இன்புட்டை மாற்றிப் பாருங்கள். ஒரு இன்புட்டில் மட்டும் இருந்தால் குற்றவாளி அந்தக் கருவியும் அதன் கேபிளும்தான்.

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் இரைச்சல் அசையாமல் நின்றால் அது வால்யூமுக்குப் பின்னால் இருக்கிறது. ரிசீவரின் பவர் ஆம்ப் பகுதி, தனி ஆம்ப் இருந்தால் அதற்குப் போகும் கேபிள், அல்லது சப்வூஃபர். சப்வூஃபருக்குத் தனி ஆம்பும் தனி மின்சாரமும் இருப்பதால், அதன் இரைச்சல் ரிசீவரின் வால்யூமைக் கண்டுகொள்வதில்லை. வீட்டு அமைப்புகளில் அதிகம் அகப்படுவதும் இதுவே.

மொத்தமாகக் கழற்றி, ஒன்றொன்றாகச் சேர்ப்பது

ஆர்சிஏ பிளக்கை (நடுவில் ஒரு பின், சுற்றி உலோக வளையம் உள்ள ஆடியோ பிளக்) செருகும்போது வெளி வளையத்துக்கு முன்பாக நடுப்பின்தான் தொடும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால் "டம்" என்று ஒரு பெரும் அடி விழும், ஸ்பீக்கர் கிழியவும் வாய்ப்புண்டு. ஆகவே ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாட்டும்போதும் ரிசீவரையும் சப்வூஃபரையும் அணைத்துவிடுங்கள். கழற்றும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து, கேபிள்களில் பெயர் எழுதி ஒட்டிவிடுவது பின்னால் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. ரிசீவரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்: எச்டிஎம்ஐ, ஆர்சிஏ, ஆப்டிகல், லேன் கேபிள், ரேடியோ ஆன்டெனா, யுஎஸ்பி, சப்வூஃபர் கேபிள். மின்சாரமும் ஸ்பீக்கர்களும் மட்டும் இருக்கட்டும்.
2. போட்டுக் கேளுங்கள். இப்போதும் ஸ்பீக்கரில் ரீங்காரம் இருந்தால் ரிசீவருக்குள்தான் கோளாறு, அல்லது வீட்டு மின்சாரத்தில் ஏதோ அழுக்கு. வேறொரு அறையின் சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தால் எது என்று பிரிந்துவிடும்.
3. அமைதியாக இருந்தால் சப்வூஃபர் கேபிளை மட்டும் சேருங்கள். பிறகு டிவி. பிறகு ஒவ்வொரு கருவியாக. எதைச் சேர்த்ததும் சத்தம் வந்ததோ, அதை எடுத்து மறுபடி சேர்த்து, இரண்டாவது தடவையும் வருகிறதா பாருங்கள்.

இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பதும் சாதாரணம். பெரியது போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னது கேட்கும். அப்போது "சரியாகவில்லை" என்று முதல் திருத்தத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சப்வூஃபர் பக்கம் கேபிளை மாட்டியபடியே, ரிசீவர் பக்க முனையை மட்டும் பிடுங்கிப் பார்ப்பார்கள். இரைச்சல் இன்னும் அதிகமாகும். "அப்போ சப்வூஃபர்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். முனை திறந்து தொங்கும் கேபிள் ஆன்டெனா மாதிரி சுற்றியிருக்கும் மின்புலத்தை எல்லாம் வாங்கி உள்ளே தள்ளும். நல்ல சப்வூஃபரும் அப்போது உறுமும். சோதிக்க வேண்டுமானால் சப்வூஃபர் பக்கத்திலேயே கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமா, ஒரு ஷார்ட்டிங் பிளக் செய்துகொள்ளுங்கள். சாதாரண ஆர்சிஏ பிளக் ஒன்றைத் திறந்து, நடுப்பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் சால்டர் செய்து இணைத்தால் அதுதான். அதைச் சப்வூஃபரின் இன்புட்டில் செருகி, கெயினை வழக்கமான இடத்தில் வையுங்கள். இப்போதும் ரீங்காரம் வந்தால் சப்வூஃபரின் உள் ஆம்ப் பழுது. வடிகட்டும் கெபாசிட்டர்கள் தலை உப்பியோ கசிந்தோ இருக்கலாம். சத்தம் நின்றால் சப்வூஃபர் நலம், வெளியே தேடலாம். இந்தப் பிளக்கை இன்புட்டில் மட்டும் செருகுங்கள், எந்தக் கருவியின் அவுட்புட்டிலும் வேண்டாம்.

எர்த் லூப்: உள்ளே நடப்பது என்ன

தனித்தனியாக எல்லாம் அமைதி, கேபிளால் சேர்த்ததும் ரீங்காரம் என்றால் பத்தில் எட்டு தடவை இதுதான் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

சப்வூஃபர் ஒரு சுவரில் மூன்று பின் பிளக்கில் எர்த் ஆகியிருக்கிறது. ரிசீவர் எதிர்ச் சுவரில், அதற்கும் ஏதோ ஒரு வழியில் எர்த் இருக்கிறது. இந்த இரண்டு எர்த் முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. நீளமான ஒயரிங், வழியில் பிற கருவிகள் கசியவிடும் மின்னோட்டம் எல்லாம் சேர்ந்து சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். ஆர்சிஏ கேபிள் இரண்டையும் இணைத்ததும் அந்த வித்தியாசம் கேபிளின் ஷீல்டு வழியாக மின்னோட்டமாக ஓடும். சிக்கல் என்னவென்றால், ஆர்சிஏ கேபிளில் ஷீல்டு வெறும் கவசம் மட்டுமல்ல, ஒலிச் சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதுதான். ஷீல்டின் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம், ஓடும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால் குறுக்கே 1 மில்லிவோல்ட் உருவாகும். 1 வோல்ட் சிக்னலோடு ஒப்பிட்டால் அது 60 டெசிபல்தான் கீழே. அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். ஷீல்டு தடிமனாக இருந்து ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓமாக இறங்கினால், அதே மின்னோட்டத்தில் இரைச்சல் 14 டெசிபல் குறையும். நீண்ட சப்வூஃபர் கேபிளை நல்ல செப்புப் பின்னல் உள்ளதாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேபிளைச் சப்வூஃபர் முனையில் கழற்றி, இரண்டு கருவிகளையும் போட்டுவிட்டு, மீட்டரை முதலில் ஏசியின் உயர்ந்த ரேஞ்சில் வையுங்கள். ஒரு முள்ளைக் கேபிளின் வெளி வளையத்திலும், இன்னொன்றைச் சப்வூஃபர் ஜாக்கின் வெளி வளையத்திலும் தொடுங்கள். விரல் உலோகத்தில் படக் கூடாது. எண் சிறிதாக இருந்தால் ரேஞ்சை இறக்கிப் படியுங்கள். மில்லிவோல்ட் கணக்கில் வந்தால் எர்த் வித்தியாசம் அது. மின்சார வோல்டேஜில் ஏறக்குறைய பாதி காட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டு பின் பிளக் உள்ள கருவிகளின் பவர் சப்ளையில் இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாக வரும் மிதப்பு அது. ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, தொட்டால் லேசாக விறுவிறுக்கும். ஆனால் மூன்று பின் பிளக் உள்ள கருவியின் உலோக உடலில் அந்தப் பாதி வோல்டேஜ் தெரிந்தால், அந்தச் சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முழு வோல்டேஜும் காட்டினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், ஆடியோ வேலை அப்புறம்.

லூப்பை உடைக்கும் வழிகள், இந்த வரிசையில்

முதலில் கேபிள் டிவி கோஆக்சியல் ஒயரைக் கழற்றுங்கள். டிவிக்கோ பாக்ஸுக்கோ வரும் அந்த ஒயரின் ஷீல்டு வீட்டுக்கு வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கும். அது எச்டிஎம்ஐ வழியாக ரிசீவரைத் தொட்டு, சப்வூஃபரின் எர்த்தோடு பெரிய வளையமாகிவிடும். ரிசீவரில் ஒரு டிவி கேபிளும் நேராக மாட்டியிருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கழற்றியதும் சத்தம் நின்றால், அந்த ஒயரில் ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, உலோகத் தொடர்பை மட்டும் அறுப்பது) போட்டால் தீர்ந்தது. ஷீல்டு சரியாக எர்த் ஆகியிருக்கிறதா என்பதையும் கேபிள்காரரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். டிஷ் ஆன்டெனாவில் மட்டும் இந்த ஐசொலேட்டர் உதவாது. டிஷ்ஷின் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் பகுதி) அதே ஒயரில் 13 அல்லது 18 வோல்ட் டிசி போக வேண்டும், ஐசொலேட்டர் அதைத் தடுத்து சிக்னலே வராமல் செய்துவிடும். அங்கே ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வீட்டு எர்த்தோடு சரியாக இணைப்பதே வழி.

இரண்டாவது, ரிசீவர், சப்வூஃபர், டிவி, பாக்ஸ் எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை ஒரே சாக்கெட்டிலிருந்து கொடுங்கள். சப்வூஃபர் தூரத்தில் இருந்தால் எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்றை இழுத்துப் பாருங்கள். சோதனைக்கு அது தரையில் கிடந்தாலும் பரவாயில்லை. எர்த் எல்லாம் ஒரு புள்ளியில் சேர்ந்துவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். ப்ரொஜெக்டரும் இதில் சேர்த்தி: கூரையில் வேறு சர்க்யூட்டில் மாட்டியிருப்பார்கள், நீண்ட எச்டிஎம்ஐ அதை ரிசீவரோடு கட்டிப்போடும். கருவிகளின் பின்னால் எழுதியிருக்கும் வாட்ஸைக் கூட்டி, மின்சார வோல்டேஜால் வகுத்து, எக்ஸ்டென்ஷனில் எழுதியிருக்கும் ஆம்பியருக்குள் அடங்குகிறதா என்று சரிபாருங்கள்.

மூன்றாவது, சிக்னல் பாதையில் பிரிப்பது. டிவியிலிருந்து ஒலி மட்டும் வருவதானால் ஆப்டிகல் கேபிள் போதும், ஒளி வழியாகப் போவதால் எர்த் தொடர்பே இல்லை. ஆனால் அதில் சுருக்கிய 5.1 வரைதான் போகும், டால்பி ட்ரூஎச்டி போன்ற தரம் குறையாத ஒலி வடிவங்கள் போகாது. "ஆப்டிகல் எச்டிஎம்ஐ" என்று விற்பவற்றில் பலவற்றில் செப்புக் கம்பியும் கூடவே ஓடுகிறது, அவை லூப்பை உடைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். சப்வூஃபர் கேபிளில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். சின்ன கோர் உள்ள மலிவானவை ஆழமான பேஸில் திணறி, 20 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையுள்ள அடியையே தின்றுவிடும், சப்வூஃபருக்கு அது இல்லாமல் என்ன இருக்கிறது? 20 ஹெர்ட்ஸ் வரை முழு லெவலில் தாங்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (சிக்னல் ஷீல்டு வழியாகத் திரும்பாத மூன்று பின் ஆடியோ இணைப்பு) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த்தை எடுத்துவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே ஒரு ஒயர் கழன்று கருவியின் உலோக உடலைத் தொட்டால், மின்சாரம் போக அந்தப் பாதை இருக்காது. ஃபியூஸோ பிரேக்கரோ விழாது. ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு வழியாக எல்லாக் கருவிகளின் உடலிலும் மின்சாரம் நிற்கும், ரிமோட்டைத் தேடி அதன் பின்னால் கை விடுவது உங்கள் குழந்தையாக இருக்கலாம். எர்த்தை நீக்கும் அடாப்டர்களுக்கும் இதேதான் பதில்.

லூப் இல்லாமலும் வரும் ரீங்காரங்கள்

கேபிளை அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வந்தால், அல்லது ரிசீவரின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தால், ஷீல்டு அறுந்திருக்கலாம். இரண்டு முனைகளின் வெளி வளையத்துக்கும் நடுவே மீட்டரை வைத்து, கேபிளை வளைத்து வளைத்துப் பாருங்கள். நல்ல கேபிளில் 1 ஓமுக்கும் குறைவாக நிலையாக நிற்கும். எண் துள்ளினால் பிளக்கின் கழுத்தில் சால்டர் விட்டிருக்கும்.

டர்ன்டேபிளில் ஹம்மிங் வந்தால் பின்னால் தொங்கும் மெல்லிய எர்த் ஒயர் ஆம்பின் கிரவுண்டு திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், போனோ ஆம்ப் அதை நூறு மடங்குக்குப் பெருக்கும், சின்ன கோளாறும் பெரிதாகக் கேட்கும்.

லேப்டாப்பில் வந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் சார்ஜர் வழியேதான் லூப்.

மின்சார ஒயரும் ஆடியோ கேபிளும் ஒரே கட்டாகச் சுருண்டு கிடந்தால் பிரித்து 30 சென்டிமீட்டர் தள்ளுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். அடாப்டர்களை ஆர்சிஏ ஜாக்குக்கு அருகில் வைக்காதீர்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், விளக்கு போட்டால் மட்டும் வருகிறதா? டிம்மர்தான் முதல் சந்தேகம். அலையின் நடுவில் திடீரென்று மின்சாரத்தைத் திறக்கும் டிம்மர், விளக்கு பாதி வெளிச்சத்தில் இருக்கும்போது அதிகம் கத்தும். முழு வெளிச்சத்துக்கு ஏற்றினால் ரீங்காரம் குறைகிறதா பாருங்கள். வீட்டில் எது என்று தெரியாவிட்டால், ஆடியோ ஓடும் சர்க்யூட்டை விட்டுவிட்டு மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். மருத்துவக் கருவியோ கம்ப்யூட்டரோ ஓடும் சர்க்யூட்டைத் தொடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்பார்மரே உறுமும் விஷயம் சொன்னோமே. மின்சாரத்தில் அரை வோல்ட் அளவு டிசி கலந்தாலே வட்ட வடிவ டிரான்ஸ்பார்மர்கள் முனகத் தொடங்கும். பாதி சூட்டில் ஓடும் ஹேர் டிரையர் ஒற்றை டயோடு வழியாக இப்படிச் செய்யக்கூடியது. அது ஓடும்போது மட்டும் வந்து போனால் கவலை இல்லை, எப்போதும் இருந்தால் மின்சாரத்தில் கலந்த டிசியைத் தடுக்கும் டிசி பிளாக்கர் உதவும்.

பேஸ் விழும்போது மட்டும் வரும் படபடப்பு மின்சாரக் கோளாறே இல்லை. 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சைன் ஒலியை மிதமான வால்யூமில் ஓட்டி, படபடக்கும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் கையால் அழுத்துங்கள்: கிரில், படச் சட்டம், ஜன்னல் கண்ணாடி, ஷெல்ஃப், கதவு. கையை வைத்ததும் எது வாயை மூடுகிறதோ அதற்கு ஒரு ரப்பர் துண்டு. அதற்கும் மசியாவிட்டால் மின்சாரத்தை அணைத்து, ஸ்பீக்கர் கூம்பை இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே தள்ளுங்கள். சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது.

கெயின் சமன்

லூப் எதுவும் இல்லை, ஆனாலும் சப்வூஃபரில் லேசாக உறுமல் மிச்சமிருந்தால், சப்வூஃபரின் பின்னால் உள்ள கெயின் எங்கே நிற்கிறது, ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் லெவல் எவ்வளவு என்று பாருங்கள். கெயின் முழுதும் ஏறியிருந்து, ரிசீவரில் −10 டெசிபல் என்று இறங்கியிருந்தால், சிக்னலைத் தணித்து அனுப்பிவிட்டு இரைச்சலோடு சேர்த்துப் பெருக்குகிறீர்கள். கெயினைக் குறைத்து, ரிசீவரின் லெவலை −3 அளவுக்கு ஏற்றி, பேஸின் அளவு முன்புபோல் வரும்வரை சமப்படுத்துங்கள். சிக்னல் அப்படியே இருக்க, கெயின் குறைந்த அளவுக்கு உறுமலும் இறங்கும்.

எல்லாம் சேர்த்து முடித்ததும், வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து, வழக்கமான வால்யூமில், ஒரு படத்தை நிறுத்தி வைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரோடு காதை ஒட்டினால் மட்டும் கேட்கும் மெல்லிய "ஸ்ஸ்" எல்லா ஆம்பிலும் உண்டு. உட்கார்ந்த இடத்தில் ஒன்றும் கேட்காவிட்டால் எக்ஸ்டென்ஷனைச் சுவரோரம் கட்டி, கேபிள்களில் ஒட்டிய பெயர்களை அப்படியே விட்டுவையுங்கள்.